அழுத்தாத பொத்தான்

என் வயதை ஒத்தவர்களே, மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதற்கே இன்னொரு மூக்குக்கண்ணாடி தேவைப்படும் காலத்தை எட்டிவிட்டவர்களே, உங்கள் முன் ஒரு பழைய வழக்கை எடுத்து வைக்கிறேன். தீர்ப்பு வேண்டி அல்ல. தீர்ப்பு அப்போதே வழங்கப்பட்டது. வழங்கியவர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆயினும் அந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் நாற்காலியில் என்னால் உட்கார முடிவதில்லை. எழுந்து சன்னல் வரை போய் வந்துதான் இந்த வரியையும் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. தர்மபுரி மாவட்டத்தில் கடத்தூர்ப் பக்கம், கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளி. நான் ஒன்பதாம் வகுப்பு. உட்காரச் சொன்னால் நிற்பேன், நிற்கச் சொன்னால் நடப்பேன். வகுப்பில் என் கால் ஆடுவதால் பெஞ்சு முழுவதும் ஆடுகிறது என்று பக்கத்தில் இருந்தவள் புகார் சொன்னதுண்டு. மேடை ஏறினால் மட்டும் அந்தக் கால் அடங்கும். பேச்சுப் போட்டி என்றாலும் பட்டிமன்றம் என்றாலும் எங்கள் பள்ளியில் என் பெயரை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றவர்களைக் கேட்பார்கள். பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் தம்ளர்களில் ஒன்றில்கூடத் தண்ணீர் குடிக்க அம்மாவை நான் அனுமதித்ததில்லை. அந்தத் தம்ளர்கள் இன்று எந்த வீட்டில் இருக்கின்றனவோ.

அந்த ஆண்டு பள்ளி திறந்தபோது, கணக்கு டீச்சரின் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு கணினியைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்திருந்தார். டீச்சர் அதைப் பள்ளிக்கே எடுத்து வந்தார். பாடப்புத்தகத்தைவிடச் சற்றே பெரிய கறுப்புப் பலகை அது. அழிரப்பரால் செய்தாற்போன்ற சாம்பல் நிறப் பொத்தான்கள். அமுக்கினால் சத்தமின்றி உள்ளே போகும், விரலை எடுத்தால் மெல்ல மேலே வரும். அதற்கெனத் திரை கிடையாது. கன்னியர் மடத்திலிருந்த மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியைத் தூக்கி வந்து அதனோடு இணைத்தார்கள். கணினிக்கு வேண்டிய கட்டளைகளைப் பாட்டுக் கேட்கும் டேப்ரிக்கார்டரிலிருந்துதான் ஏற்ற வேண்டும். அப்போது தகரத்தின் மேல் ஆணியை இழுத்தாற்போல் நெடுநேரம் ஒரு கீச்சொலி கேட்கும். பழைய தையல் அறைதான் கணினி அறை. செருப்பை வெளியே விட வேண்டும். எங்கள் தையல் சிஸ்டர் அந்த இயந்திரத்துக்கு ஓரத்தில் பூவேலை செய்த போர்வை ஒன்றைத் தைத்திருந்தார். கைக்குழந்தையைப் போர்த்துவதுபோல் தினமும் அதைப் போர்த்திவிட்டுத்தான் விளக்கை அணைப்பார்கள்.

கணக்கு டீச்சரைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் நகர மாட்டேன். கூடவே வந்த ஆங்கிலக் கையேட்டை அகராதி வைத்துப் படித்து, யாருடைய உதவியும் இன்றி அந்த இயந்திரத்தைப் பேச வைத்தவர் அவர். இன்று அதற்கு மாலை போட்டு மேடை ஏற்றுவார்கள். அன்று அவருக்குக் கிடைத்தது, "டீச்சர் வூட்ல சோறாக்குறது யாருங்க?" என்ற கேள்விதான்.

வினாடி வினாவுக்குக் கணினியைக் கொண்டுவரும் எண்ணம் அவருடையது. முந்தின ஆண்டு யார் முதலில் கை தூக்கியது என்று நான்கு அணிகளும் சண்டையிட்டு, பெற்றோர் வரை வந்து, பரிசே கொடுக்காமல் போட்டியைக் கலைத்திருந்தார்கள். மனிதக் கண்ணை நம்பியதால் வந்த வினை என்றார் டீச்சர். நான்கு மேசைகளிலும் வாசல் மணி அடிக்கும் பொத்தான் ஒவ்வொன்றை வைத்துக் கணினியோடு இணைத்துவிட்டால், யார் அழுத்துகிறார்களோ அவர்களின் எண் திரையில் கட்டமாக ஒளிரும். ஒரே நேரத்தில் பலர் அழுத்தினால் அத்தனை கட்டங்களும் ஒளிரும். ஓர் அணி மட்டும் ஒளிர்ந்தால் எழுந்து விடை சொல்லலாம்; பல அணிகள் ஒளிர்ந்தால் எல்லோரும் விடையைச் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். தவறான விடைக்கும் வெறும் சிலேட்டுக்கும் மதிப்பெண் குறையும். தெரியாமல் அழுத்துவது அவ்வளவு பெரிய குற்றம்.

டீச்சர் திருப்புளியால் பலகையைத் திறந்து, உள்ளிருந்து கம்பிகளை வெளியே இழுத்தார். ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியாகக் கம்பி விட்டால் செலவு. கம்பியோ தர்மபுரியிலிருந்து வர வேண்டும். ஆகவே நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, ஆக நான்கே கம்பிகளை எடுத்து, அவை வெட்டிக்கொள்ளும் நான்கு மூலைகளிலும் நான்கு பொத்தான்களை வைத்தார். கோலம் போடத் தெரிந்த எவருக்கும் விளங்கும் ஏற்பாடு. அந்தப் பலகைக்குள் எல்லா எழுத்துகளும் இப்படித்தான் குறுக்கும் நெடுக்குமாக அமர்ந்திருக்கின்றன என்று பெருமிதத்தோடு விளக்கினார். நாங்களும் பெருமிதத்தோடு தலையாட்டினோம்.

இனி என் கூட்டாளி. எங்களுடையது நான்காவது அணி, அணிக்கு இருவர். பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் வேளாண்மை செய்துவந்த ஒரு கிறித்தவக் குடும்பத்துப் பெண் அவள். விடுதியில் தங்கிப் படித்தாள். அதிகம் பேச மாட்டாள். பேச எழுந்தால் காது சிவந்துவிடும். ஆனால் கை மின்னல். ஆகவே பொத்தான் அவள் பொறுப்பு, விடை சொல்வது என் பொறுப்பு. ஒருவர் அழுத்துவதை மற்ற அணிகள் பார்த்து அழுத்தக் கூடாது என்பதற்காக, மேசை விரிப்பை முன்பக்கம் தொங்கவிட்டுப் பொத்தான்களை அதன் மறைவில் வைத்திருந்தார்கள். இந்த ஏற்பாடுதான் பிறகு எங்களுக்குச் சாட்சி இல்லாமல் செய்தது.

போட்டி நடந்தது. கேள்விகளை வாசித்தவர் தலைமை சிஸ்டர். தமிழிலும் வரலாற்றிலும் என்னை வெல்ல ஆளில்லை. அறிவியலில் நான் பலவீனம். மின்விளக்கின் இழை எந்த உலோகத்தால் ஆனது என்று கேட்டார்கள். மற்ற மூன்று அணிகளும் பாய்ந்தன. எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் திரையில் நான்கு கட்டங்களும் ஒளிர்ந்தன. ஏன் அழுத்தினாய் என்று நான் கண்ணால் கேட்டேன். அவள் இல்லை என்று தலையசைத்தாள். விரல் பட்டிருக்கும் என்று இருவருமே நினைத்துக்கொண்டோம். இன்னோர் அறிவியல் கேள்வியிலும் அதேபோல் ஆயிற்று. தெரியாமல் அழுத்தும் பழக்கத்தை விடுங்கள் என்று தலைமை சிஸ்டர் எச்சரித்தார். அதன்பின் என் கூட்டாளி, எனக்கு விடை தெரிந்தால் மட்டும் நான் அவள் முழங்கையைத் தொடுவது என்றும், அதுவரை இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்வது என்றும் முடிவு செய்தாள். மறுபடியும் ஒரு கேள்வி. மற்ற மூவரும் அழுத்தினர். அவள் கைகள் மடியில் கோத்தபடி இருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது கட்டம் பளிச்சென்று ஒளிர்ந்தது.

அவள் எழுந்தாள். காது சிவந்திருந்தது.

"நான் அழுத்தலீங்க சிஸ்டர்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. தலைமை சிஸ்டர் திரையைக் காட்டி, எல்லோரும் பார்க்கும் ஒன்றை இல்லை என்று சொல்லலாமா என்றார். அவள் திரும்பவும் அதையே சொன்னாள். கணக்கு டீச்சர் எழுந்து, இது மனிதக் கண் அல்ல, ஆள் பார்த்துப் பேசாது, விரல் பட்டால் காட்டும், படாவிட்டால் காட்டாது என்று விளக்கினார். மூன்றாம் முறையும் அவள் அதையே சொன்னபோது தலைமை சிஸ்டரின் குரல் தாழ்ந்துவிட்டது. அவர் கோபத்தில் குரலை உயர்த்தமாட்டார், தாழ்த்துவார்.

"அழுத்தினது தப்பில்லம்மா. சின்னப் புள்ளைங்க அவசரம். அழுத்தலன்னு சொல்றியே, அதுதான் தப்பு."

எங்கள் அணி அன்றே நீக்கப்பட்டது. பொய் சொன்னதற்கு அவள் மன்னிப்புக் கேட்கும்வரை கணினி அறைக்குள் வரக் கூடாது என்றும் ஆயிற்று. நண்பர்களே, இதைச் சிறிய தண்டனை என்று எண்ணாதீர்கள். செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதுதான் அவளிடம் கேட்கப்பட்டது. அதை மட்டும் தர அவள் மறுத்தாள்.

நான் விடுவேனா? மறுநாளே தலைமை சிஸ்டரின் அறைக்குப் போய் வாதாடினேன். பொய் சொல்பவளுக்கு ஒரு லாபம் இருக்க வேண்டும், வெறும் சிலேட்டைக் காட்டத் தானாக அழுத்துவாளா என்றேன். அவள் கைகளை நான் கண்ணால் கண்டேன் என்றேன். சந்தேகத்தின் பயன் எளியவர் பக்கமே சாய வேண்டும் என்று, ஒரு பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கிய வரியையும் சேர்த்துக்கொண்டேன். சிஸ்டர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாப் பேசுற. பேச்சுப் போட்டிக்கு வச்சுக்கோ."

விடுதியில் அவளைப் பேய்க்கை என்று கூப்பிடத் தொடங்கினார்கள். தண்ணீர்க் குழாயடியில் குடம் சாய்ந்தால், "ஏ பேய்க்கை, நீதான சாச்சுட்ட, இல்லன்னு சொல்லுடி பாக்கலாம்," என்பார்கள். முதல் அணித் தலைவி அதில் முன்னணி. நான் அவர்களோடு மல்லுக்கு நின்றேன். நான் வீட்டிலிருந்து வந்து படிப்பவள்; ஆனாலும் ஒரு மதியம் விடுதி உணவுக்கூடத்துக்குள் போய், கேழ்வரகுக் களித் தட்டை வைத்துக்கொண்டே ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அது முடிந்ததும் என் கூட்டாளி என்னைத் தனியே இழுத்துப் போனாள்.

"நீ பேசப் பேச நான் அழுத்தின மாதிரியே ஆவுது. கொஞ்சம் சும்மா இரேன்."

என் வாழ்க்கையில் என் பேச்சைப் பற்றி வந்த விமர்சனங்களில் இதற்கு இணையானது வேறில்லை. சும்மா இருப்பது எனக்கு எப்படி முடியும்? வீட்டுக்குப் போனாலும் கால் நிற்கவில்லை. இடைகழியில் நடந்தேன், மாட்டுக் கொட்டகை வரை நடந்தேன். அப்பாவிடம் வழக்கைச் சொன்னேன். அவர் கடலைக்குத் தண்ணீர் கட்டும் கவலையில் இருந்தார்.

"கம்ப்யூட்டரு என்னத்துக்குப் பொய் சொல்லுது? அதுக்கு வாயா இருக்குது?" என்றார்.

அந்த நாள்களில் மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்பது யாருக்கும் தெரியாது. கிணற்றடி மோட்டார் கொட்டகையில் பலகையின் மேல் மூன்று குண்டு பல்புகள் வரிசையாக இருக்கும். மூன்று கம்பிகளிலும் மின்சாரம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மோட்டாரை ஓட விட வேண்டும். அன்று மாலை ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் சத்தம் திடீரென்று மாறி, உறுமத் தொடங்கியது. அப்பா பாய்ந்து போனார். நானும் பின்னால் ஓடினேன். மூன்று பல்புகளும் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஒன்று மட்டும் சற்று மங்கல். மூன்றும் எரிகிறதே என்றேன். அப்பா எரிச்சலோடு மோட்டாரை நிறுத்தினார். அந்த மங்கல் பல்பு உடனே அணைந்தது.

"பாத்தியா? அதுல கரண்டே இல்ல. மத்த ரெண்டுலயும் வர்றது மோட்டாருக்குள்ள பூந்து சுத்திக்கிட்டு வந்து இத எரிய வைக்குது. நெசம்னு நம்பி வுட்டா காயிலு கருகிப் போவும்."

சொல்லிவிட்டு அவர் மின்வாரியத்தைத் திட்டத் தொடங்கினார். தம் வாயால் என்ன சொன்னார் என்பது அவருக்கே தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. தனக்கென்று மின்சாரம் இல்லாத ஒரு விளக்கு, மற்றவற்றின் மின்சாரம் சுற்றி வருவதால் எரிகிறது. போட்டியில் நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நான்காவது கட்டம் பொய்யாக ஒளிர்ந்தபோதெல்லாம் மற்ற மூன்று அணிகளும் சேர்ந்தே அழுத்தியிருந்தன. இரண்டு அணிகள் மட்டும் அழுத்தியபோது ஒருமுறைகூட அப்படி ஆகவில்லை.

மறுநாள் கணக்கு டீச்சரிடம் ஓடினேன். வாதத்தை விட்டுவிட்டேன், ஒரே ஒரு சோதனை மட்டும் கேட்டேன். மூன்று பேர் அழுத்தட்டும், நான்காவது பொத்தானின் பக்கத்தில் யாருமே நிற்க வேண்டாம். டீச்சர் தயங்கினார். அவர் கையால் ஆக்கிய பொருள் அல்லவா? ஆனால் கணக்குப் போடுகிறவருக்குச் சரிபார்க்காமல் விட மனம் வராது. சரி என்றார். மின்சாரம் இல்லை. மறுநாளும் கணினி வகுப்பு நேரம் பார்த்துப் போய்விட்டது. அதற்கடுத்த நாள் வந்தது. டேப்ரிக்கார்டர் கீச்சிட்டு முடிக்கும் தறுவாயில் போயிற்று. ஏற்றியதெல்லாம் அழிந்தது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். தாழ்வாரத்து மின்விசிறியையே பார்த்தபடி நான் அலைந்த அலைச்சலைச் சொல்லி மாளாது. அது சுழன்றால் ஓடுவேன். பாதி வழியில் நிற்கும்.

இதற்குள் காலாண்டு விடுமுறை வந்துவிட்டது. விடுதிப் பிள்ளைகளை அழைத்துப் போகப் பெற்றோர் வரும் நாள். என் கூட்டாளியின் அம்மா காலையிலேயே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். பிடுங்கிய கடலைச் செடியின் மண் அவர் புடவை ஓரத்தில் இன்னும் காயாமல் இருந்தது. மற்றவர்களின் பிள்ளைகள் பெட்டியோடு ஒவ்வொருவராகப் போனார்கள். அவர் மகளை மட்டும் தலைமை சிஸ்டரின் அறைக்கு அழைத்தார்கள், தாயையும் அழைத்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்பதை அவளே பிறகு சொன்னாள். மகள் செய்த தவறை சிஸ்டர் தாயிடம் எடுத்துச் சொன்னாராம். தாய்க்குக் கணினி என்றால் என்னவென்று தெரியாது. சிஸ்டர் தவறு என்கிறார், மகள் நிற்கிறாள், வெளியே வெயில் ஏறுகிறது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

"கேட்டுடு கண்ணு. ரெண்டு வார்த்ததான? பஸ்ஸு போயிருச்சுன்னா பொழுதோட ஊரு போய்ச் சேர முடியாது."

தாய் கைகட்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டு அவளால் நிற்க முடியவில்லை. அழுத்தினேன், பொய் சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

அதே வேளையில்தான் தாழ்வாரத்து மின்விசிறி சுழலத் தொடங்கியிருந்தது. நான் டீச்சரையும், கையில் அகப்பட்ட முதல் மூன்று அணிக்காரிகளையும் கணினி அறைக்குள் தள்ளிக்கொண்டு போயிருந்தேன். கீச்சொலி முடிந்தது. நான்காவது பொத்தானைத் தனி மேசையில் வைத்து, அதன் மேல் ஒரு தம்ளரைக் கவிழ்த்தேன். மூவரையும் ஒன்றாக அழுத்தச் சொன்னேன். நான்கு கட்டங்களும் ஒளிர்ந்தன.

முதல் அணித் தலைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஐயையோ, தம்ளரு அழுத்துதுடி," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் அவர்களைத் திரும்பத் திரும்ப அழுத்தச் சொன்னார். ஒருத்தி கையை எடுத்தால் அவளுடைய கட்டத்தோடு நான்காவதும் அணைந்தது. திரும்ப அழுத்தினால் இரண்டும் சேர்ந்தே ஒளிர்ந்தன. டீச்சர் கரும்பலகையில் நான்கு கோடுகளை வரைந்தார். மூன்று மூலைகளைச் சேர்த்து விரலால் ஒரு கோடு இழுத்தார். அது வளைந்து போய் நான்காவது மூலையின் கம்பியைத் தொட்டது. விரலை அந்த மூலையிலேயே வைத்திருந்தார்.

"நான் கம்பிய மிச்சம் புடிச்சேன்," என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

நாங்கள் வெளியே ஓடியபோது தாயும் மகளும் தகரப் பெட்டியோடு வாசலை நெருங்கியிருந்தார்கள். டீச்சர் தலைமை சிஸ்டரையும் அழைத்துக்கொண்டு வந்தார். வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பது சிஸ்டர் நடந்து வந்த விதத்திலேயே தெரிந்தது. நீ அழுத்தவில்லையம்மா, பிழை என்னுடையது என்று டீச்சர் அவள் தோளைத் தொட்டார். சிஸ்டர், கேட்ட மன்னிப்பை மறந்துவிடு, அது தேவையில்லை, அது என் காதில் விழாததுபோல் எண்ணிக்கொள்கிறேன் என்றார். நான் வெற்றி பெற்ற வழக்கறிஞரைப்போல் நின்றிருந்தேன். என் கூட்டாளி மகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிஸ்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பிடின்னா நான் இப்ப உங்க ரூம்ல சொன்னதுதான் பொய்யிங்களா சிஸ்டர்? அதுக்கு யாருகிட்டப் போய் மன்னிப்புக் கேக்கறதுங்க?"

சிஸ்டர் கழுத்திலிருந்த சிலுவையைப் பற்றிக்கொண்டார். எத்தனையோ தலைப்புகளில் வெட்டியும் ஒட்டியும் பேசியவள் நான். அந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் நின்று பேசுவது என்று தெரியவில்லை. பேருந்தின் ஒலி கேட்டது. தாய் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். இருவரும் ஓடிப் போய் ஏறிவிட்டார்கள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் காலை வணக்கக் கூட்டத்தில் தலைமை சிஸ்டர் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள். என் கூட்டாளி தலைகுனிந்தே நின்றாள், குற்றம் சாட்டப்பட்ட நாளில்கூட அப்படி நின்றதில்லை. டீச்சர் தர்மபுரிக்குப் போய்ப் புதுக் கம்பி வாங்கி வந்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் தனிப்பாதை அமைத்தார். போட்டியை மறுபடியும் நடத்த முடிவாயிற்று. எங்கள் அணியையும் சேர்த்தார்கள். மேசை விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். எல்லோர் கையும் எல்லோருக்கும் தெரிந்தது.

நான் வழக்கம்போல் விடை சொல்லத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். அவள் பொத்தானை என் பக்கம் நகர்த்தினாள்.

"இத நீயே புடி. நான் பதில் சொல்றேன்."

கெஞ்சிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. வாழ்வில் முதன்முறையாக மேடையில் வாயை மூடிக்கொண்டு, ஒரு பொத்தானின் மேல் விரலை வைத்தபடி அமர்ந்திருந்தேன். கால் ஆடியது. அவள் எழுந்து எழுந்து விடை சொன்னாள். காது சிவந்தது. ஆனாலும் சொன்னாள். பாதிப் போட்டியில், சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் கோள் எது என்று சிஸ்டர் கேட்டார். அவள் என் முழங்கையைத் தொட்டாள், நான் அழுத்தினேன். எங்கள் கட்டம் மட்டும் ஒளிர்ந்தது.

"வெள்ளி," என்றாள்.

தவறு. தலைமை சிஸ்டர் திரையைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பி, கை தவறிப் பட்டிருக்குமோ, கம்பியில் ஏதேனும் இருக்குமோ, வேண்டுமானால் இந்தக் கேள்வியை விட்டுவிடலாமே என்று மென்மையாகச் சொன்னார். எங்களுக்காக அவர் எதையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார். நானும் ஆம் என்று சொல்ல எழுந்தேன். என் கூட்டாளி என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"இல்லீங்க சிஸ்டர். நாங்க அழுத்தினதுதான். பதிலும் நான் சொன்னதுதான். தப்புன்னா என் தப்புங்க."

சிஸ்டர் கரும்பலகையின் பக்கம் திரும்பி எங்கள் மதிப்பெண்ணைக் குறைத்து எழுதினார். என் கூட்டாளி அதைக் கடைசி இலக்கம் வரை பார்த்திருந்துவிட்டு, ஒரு பரிசு வாங்கி வந்தவளைப்போல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.